கொண்டை ஊசியும் பத்து ரூபாய் நாணயமும்

கேள்வி: சார், குடியாத்தத்தில் வீட்டு வாசலிலேயே காலையில் நாஸ்தா கடை போடுகிறேன். இட்லி, தோசை, வடை, டீ. வீட்டுக்காரருக்கு லுங்கித் தறியில் வேலை. பையன் ஒன்பதாவது, பெண் மூன்றாவது படிக்கிறார்கள். தினமும் கையில் சில்லறை புழங்குகிறது, ஆனால் ஒன்றும் மிஞ்சுவதில்லை. இதுவரை மூன்று உண்டியல் வாங்கிவிட்டேன். இரண்டு வாரம் ஒழுங்காகப் போடுவேன். அப்புறம் காலையில் முதல் கிராக்கியே ஐநூறு ரூபாய் நோட்டை நீட்டுவார். கொண்டை ஊசியை விட்டு ஆட்டி ஆட்டி நானே எடுத்துவிடுவேன். தப்பி மிஞ்சினதும் கெங்கையம்மன் சிரசு திருவிழாவோடு காலி. ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தால் வாரத் தவணைக்காரரிடம் போய் நிற்கிறேன். பத்து ரூபாய் காயினை வேறு யாரும் வாங்குவதில்லை. மாமியாரின் டப்பாவில் பழைய நாலணா, எட்டணா நிறைய இருக்கிறது. அதற்கு மதிப்பு உண்டா? எனக்குக் கட்டுப்பாடு இல்லை என்கிறார் வீட்டுக்காரர். என்ன செய்யலாம்?

– ஒரு வாசகி, குடியாத்தம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

கொண்டை ஊசி விஷயத்தைப் படித்ததும் சிரித்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். முப்பத்துநாலு வருடம் வங்கியில் இருந்தவன் நான், அதில் பாதிக்கு மேல் கேஷ் கவுண்டரில். ஊரார் பணத்தையெல்லாம் எண்ணிக் கட்டிய இதே கை, சின்ன வயதில் அம்மாவின் தகர உண்டியலில் வெங்காயம் நறுக்கும் கத்தியைச் செருகி, அதன்மேல் நாணயம் சறுக்கி வரும்படி சாய்த்து எடுத்திருக்கிறது. ஊசியைவிடக் கத்தி வசதி, ஓசை வராது. இதை உங்கள் பையனிடம் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் வீட்டுக்காரர் சொல்வதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். விடிவதற்கு முன்னால் எழுந்து அடுப்பு மூட்டி, தினம் தவறாமல் கடை போடுகிறவருக்குக் கட்டுப்பாடு இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கும்? உங்கள் கடிதத்திலேயே காரணம் இருக்கிறது, நீங்கள் கவனிக்காமல் தாண்டிப் போயிருக்கிறீர்கள். முதல் கிராக்கி ஐநூறு ரூபாய் நீட்டினார், சில்லறை இல்லை, உண்டியலைத் திறந்தீர்கள். அப்படியானால் உண்டியலில் கிடந்தது சேமிப்புப் பணம்தானா? கடையின் கல்லாச் சில்லறையையும் சேர்த்து ராத்திரியில் உள்ளே போட்டுவிட்டு, காலையில் அதைத் தேடி ஊசியோடு உட்கார்ந்திருக்கிறீர்கள். கடைக்கு அது இல்லாமல் முடியாது. எந்த வியாபாரியும் எடுத்துத்தான் ஆகவேண்டும். தொல்லை என்னவென்றால், நியாயமான காரணத்துக்கு நாலு தடவை திறந்து பழகிய கை, ஐந்தாவது தடவை கேபிள் பில்லுக்கும் திறக்கும். ஆறாவது தடவை காரணமே கேட்காது.

அதனால் முதல் வேலை, கல்லாவைத் தனியாகப் பிரிப்பது. டீ பன்னிரண்டு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இருபது ரூபாய் கொடுத்தவருக்கு எட்டு ரூபாய் திருப்ப வேண்டும். ஒரு ஐந்து, ஒரு இரண்டு, ஒரு ஒன்று. காலை கூட்டம் முடிவதற்குள் இப்படி எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும். என் கணக்கில் பத்து ரூபாய் நோட்டு 20, ஐந்து ரூபாய் நாணயம் 20, இரண்டு ரூபாய் 30, ஒரு ரூபாய் 40 இருந்தால் சின்னக் கடைக்குப் போதும். கூட்டிப் பாருங்கள், சரியாக 400 ரூபாய். உங்கள் வியாபாரத்துக்கு இது 300 ஆகவும் இருக்கலாம், 600 ஆகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் ஒரு தொகையை முடிவு செய்து, மூடியுள்ள ஒரு எவர்சில்வர் டப்பாவில் போட்டு, மூடியின் உள்பக்கம் அந்தத் தொகையை எழுதி ஒட்டுங்கள். கடை மூடும்போது முதலில் அந்த டப்பா நிரம்ப வேண்டும். வங்கியில் நாங்களும் இப்படித்தான். சாயங்காலம் கணக்கு முடியாமல், நாளைக்கான இருப்பைப் பெட்டியில் வைத்துப் பூட்டாமல், கேஷியர் வீட்டுக்குக் கிளம்ப முடியாது. ஐநூறு ரூபாய் நோட்டோடு வருகிற முதல் கிராக்கிக்கு அந்த டப்பா பதில் சொல்லும், உண்டியல் பக்கம் நீங்கள் திரும்ப வேண்டியதில்லை. அப்படியும் முடியவில்லையா, "அப்புறமா கொடுங்க" என்று அவரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தெருக்காரர்தானே.

அடுத்தது, உண்டியலில் எதைப் போடுவது? கையில் மிஞ்சிய சில்லறை எல்லாவற்றையும் போடாதீர்கள். பத்து ரூபாய் நாணயத்தை மட்டும் போடுங்கள்.

யாரும் வாங்குவதில்லை என்று குறைப்பட்டிருந்தீர்களே, அதே நாணயம்தான். நம் வேலூர், ஆம்பூர், குடியாத்தம் பக்கம் இந்தத் தகராறு ரொம்ப வருடமாக நடக்கிறது. கோடு பதினைந்து இருந்தால் கள்ள நாணயம், பத்து இருந்தால் நல்லது, ₹ குறி இல்லாவிட்டால் செல்லாது என்று ஆளுக்கொரு சட்டம். 2018 ஜனவரியிலேயே ரிசர்வ் வங்கி தெளிவாகச் சொல்லிவிட்டது: அதுவரை வெளிவந்த 14 வடிவங்களும் செல்லும். ₹ குறியை அரசு ஏற்றுக்கொண்டதே 2010-ல்தான், நாணயத்தில் அது வந்தது 2011-ல். அதற்கு முன்னால் அடித்த நாணயத்தில் எப்படி இருக்கும்? (அந்தக் குறியை வரைந்த உதயகுமார் கள்ளக்குறிச்சியில் பிறந்தவர். நம்ம ஊர்க்காரர் வரைந்த குறியைத் தேடித் தேடிப் பார்த்துவிட்டு நாமே நாணயத்தைத் திருப்பிக் கொடுக்கிறோம்.) 2011 நாணயச் சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நாணயங்கள் ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை செல்லுபடியாகும். வங்கிக் கிளைகள் எல்லா நாணயங்களையும் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு.

கடைக்காரர்கள் வாங்காதது தப்புதான். ஆனால் உங்களுக்கு அது இலவசமாகக் கிடைத்த பூட்டு. பஜாரில் ஒரு முழம் பூவுக்குக்கூட நீட்ட முடியாத காசை உண்டியலிலிருந்து எடுத்து என்ன செய்வீர்கள்? வங்கிக்குக் கொண்டுபோனால் மட்டும் முழு மதிப்பு. ஆகவே இனிமேல் கிராக்கி தயங்கித் தயங்கிப் பத்து ரூபாய் நாணயத்தை நீட்டினால் முகம் சுளிக்காமல் வாங்குங்கள். "இந்த அக்கா வாங்குவாங்க" என்று தெரிந்துவிட்டால் தெருவே கொண்டுவந்து கொட்டும். ஒரு நாளைக்கு இரண்டு விழுந்தால் போதும், மாதம் 600 ரூபாய். வராத நாளில் ஒரு பத்து ரூபாய் நோட்டைச் சுருட்டிப் போடவேண்டும் என்று கணக்கு வைக்காதீர்கள். வராத நாள் வராத நாள்தான். இப்படி ஒரே ஒரு வகை நாணயம் என்று வைத்துக்கொண்டால், "இன்றைக்கு எவ்வளவு போடுவது, இவ்வளவு போட்டால் நாளைக்குப் போதுமா" என்கிற யோசனையே வராது. ராத்திரி அசதியில் யோசிக்கிற வேலையைக் குறைப்பது பெரிய உதவி.

பஸ்ஸில் போகும்போதும் இதைச் செய்யலாம். 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. முன்பு கொடுத்துக்கொண்டிருந்த டிக்கெட் காசு எங்கே போகிறது என்று யாருக்காவது தெரியுமா? போய்வந்த அன்று பையிலிருந்து ஒரு பத்தை எடுத்துப் போடுங்கள். என் மனைவி செய்கிறாள், எனக்கே அவளிடமிருந்துதான் தெரியும்.

இப்போது உண்டியல். தகரம், பிளாஸ்டிக், பூட்டுச் சாவி வைத்தது எதுவும் வேண்டாம். உடைத்தால்தான் எடுக்கலாம் என்கிற மண் உண்டியல் இரண்டு வாங்குங்கள். திருவிழாக் கடைகளிலும் பானைக் கடைகளிலும் கிடைக்கும். வாயை உங்கள் பத்து ரூபாய் நாணயத்தை வைத்துப் பார்த்து வாங்குங்கள், சிலவற்றில் நுழையாது. வீட்டுக்கு வந்ததும் ஒன்றில் உங்கள் பெண்ணின் பெயரையும் பையனின் பெயரையும் சுண்ணாம்பிலோ பெயிண்டிலோ எழுதி, கீழே "ஜூன்" என்று போடுங்கள். இன்னொன்றில் "அம்மன்" என்று எழுதுங்கள்.

பெயர் எழுதச் சொல்வது அழகுக்காக இல்லை. நம் வட ஆற்காட்டு வீடுகளில் ஒரு விஷயம் கவனித்திருப்பீர்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து, "ஏழுமலையானே, நல்லானதும் வந்து சேர்த்துவிடுகிறேன்" என்று சாமி படத்துக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டுவார்கள். மேலே மேலே காசு சேரும், முடிச்சு பெரிதாகும். அரிசிக்கு இல்லாத நாள் வரும், பால்காரர் வாசலில் நிற்பார், பூட்டும் கிடையாது சாவியும் கிடையாது, இருந்தாலும் அந்த வீட்டில் ஒரு கை அதன்மேல் படாது. மூன்று வருடம் கழித்துத் திருமலைக்குப் போகும் பஸ்ஸில் மடியில் ஏறி உட்காரும். அதே வீட்டு உண்டியல் மூன்றாவது வாரம் காலியாகிறது. ஆள் அதே ஆள்தான். முடிச்சில் இருப்பது பெருமாளுடைய பணம், உண்டியலில் இருப்பது யாருடையது என்று யாருக்கும் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம். உங்கள் பெண் தன் பெயர் எழுதிய உண்டியலை நீங்கள் தொடவிடமாட்டாள், பாருங்கள். மாதக் கடைசியில் தூக்கி ஆட்டிப் பார்ப்பதும் அவள்தான். அந்த வாட்ச்மேன் வேலைக்குச் சம்பளமாக அவளே நாணயம் போடட்டும்.

அம்மன் உண்டியலைக் குறைத்து நினைக்காதீர்கள். சிரசு திருவிழாவுக்குச் செலவே செய்யாதே என்று குடியாத்தத்துக்காரரிடம் சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை, விருப்பமும் இல்லை. நான் அந்த ஊர்க் கிளையில் நாலு வருடம் இருந்தேன். வைகாசி முதல் நாள் அம்மனின் தலை, அதாவது சிரசு, ஊர்வலமாக வரும் தெருவில் தேங்காய்த் தண்ணீரில் வழுக்காமல் நடந்தவன் எவனும் கிடையாது. விருந்தாளி வருவார்கள், புதுத்துணி வேண்டும், தேங்காய் உடைக்க வேண்டும். அது வருடா வருடம் அதே தேதியில் வருகிற செலவு, திடீர்ச் செலவு கிடையாது. அடுத்த மூன்றே வாரத்தில் பள்ளிக்கூடம் திறக்கிறது. இரண்டுக்கும் ஒரே உண்டியல் என்றால் முதலில் வருகிற அம்மன்தான் ஜெயிப்பாள், நோட்டுப் புத்தகம் தோற்கும். அதனால்தான் இரண்டு. ஐந்து நாணயத்தில் மூன்று பிள்ளைகளுக்கு, இரண்டு அம்மனுக்கு. விகிதம் உங்கள் இஷ்டம்.

சரி, சேர்ந்ததை வீட்டிலேயே வைத்திருக்கலாமா? அம்மன் உண்டியல் இருக்கட்டும். பிள்ளைகளுடையது இரண்டு மாதத்துக்கு ஒருமுறை உடையவேண்டும், உடைந்த அன்றே வீட்டைவிட்டுப் போகவேண்டும். 2016 நவம்பர் 8-ம் தேதிக்கு அடுத்த நாட்கள் நினைவிருக்கிறதா? 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்த சமயம். என் கவுண்டரில் ஒரு பாட்டி அரிசிப் பானையிலிருந்து எடுத்துவந்த நோட்டுகளை நீட்டினார். எட்டாக மடித்து, நடுவில் காய்ந்த வேப்பிலை. பிரித்துப் பிரித்து எண்ணினால் பதினோராயிரம். பின்னால் வரிசையில் நின்ற மகன் வாயைப் பிளந்துவிட்டான். "அவன்கிட்ட சொல்லாதப்பா" என்று அந்த அம்மா என்னிடம் சொன்னது அவனுக்கும் கேட்டது. அன்றைக்கு நாணயத்துக்கு ஒன்றும் ஆகவில்லை, உண்மைதான். ஆனால் வீட்டில் கிடக்கிற பணத்தை அரசாங்கம் கேட்பது எப்போதோ ஒரு நாள். மச்சான் கேட்பது அடிக்கடி. "வங்கியில் போட்டுவிட்டேன், எடுக்கமுடியாது" என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று சொல்லிப் பார்த்தால்தான் தெரியும்.

வங்கிக்குப் போகும் முறையையும் சொல்லிவிடுகிறேன், அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் என்பதால். நூறு நூறாக எண்ணிச் சின்னப் பிளாஸ்டிக் கவரில் போடுங்கள். நூறு பத்து ரூபாய் நாணயம் என்றால் 1,000 ரூபாய், எடை முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல், ஒரு நாணயம் சுமார் 7.7 கிராம். சில்லறையைக் கழுவித் துடைத்துக் கொண்டுபோங்கள். மாவுக் கையும் எண்ணெயும் பட்ட காசை எண்ணி முடித்தால் விரல் கறுத்துப் போகும், அதற்குப்பிறகு நோட்டைத் தொட்டால் நோட்டும் கறுக்கும். கேஷியர் முகம் சுளிப்பதில் பாதி அதனால்தான். மாதத்தின் முதல் பத்து நாள் பென்ஷன் கூட்டம், திங்கட்கிழமை எல்லோருமே வருவார்கள். இருபதாம் தேதிக்கு மேல், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஒரு கவரோ இரண்டு கவரோ கொண்டுபோனால் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஒரே நாளில் மூட்டை கட்டிக்கொண்டு போகாதீர்கள். அப்படியும் வாங்கமாட்டேன் என்றால் மேலாளரிடம் போய்ப் பொறுமையாக, "எழுத்துல கொடுங்க சார்" என்று கேளுங்கள். பெரும்பாலும் அதற்குள் வாங்கிவிடுவார்கள்.

அந்தப் பணத்தை எங்கே போடுவது? ஜூனுக்கு வேண்டியதை அதே வங்கியில், ஜூன் முதல் வாரத்தில் முடிகிற மாதிரி ஆர்.டி.யாக, அதாவது மாதாமாதம் ஒரே தொகை கட்டுகிற தொடர் வைப்பாகப் போடுங்கள். குறைந்தது ஆறு மாதம் என்று சில வங்கிகளிலும், ஒரு வருடம் என்று சிலவற்றிலும் இருக்கும், கேட்டுக்கொள்ளுங்கள். மாதம் 300 ரூபாய் என்று தொடங்குங்கள். உண்டியலில் அதைவிட அதிகம் விழுந்தாலும் தொகையைக் குறைத்தே வையுங்கள், மழைக்காலத்தில் வியாபாரம் படுக்கும்போது தவணை தவறாது. பன்னிரண்டு மாதத்தில் 3,600 ரூபாயும் கொஞ்சம் வட்டியும். பெரிய தொகை இல்லைதான். ஆனால் வாரத் தவணைக்காரரிடம் கையெழுத்துப் போடாமல் இரண்டு பிள்ளைகளுக்கும் பையும் நோட்டும் செருப்பும் வாங்கலாம்.

ஒரு வருடம் இப்படி ஓடிவிட்டால் தபால் நிலையத்துக்குப் போங்கள். அங்கே ஆர்.டி. ஐந்து வருடம், மாதம் 100 ரூபாயிலிருந்து தொடங்கலாம். நான் இதை எழுதும்போது வட்டி 6.7 சதவீதம். 500 ரூபாய் வீதம் 60 மாதம் கட்டினால் நீங்கள் கட்டியது 30,000, கைக்கு வருவது சுமார் 35,680. கணக்கை மாதத்தின் முதல் பாதியில் திறந்தால் ஒவ்வொரு மாதமும் 15-ம் தேதிக்குள் கட்டவேண்டும், பிற்பாதியில் திறந்தால் மாதக் கடைசி வரை நேரம் இருக்கிறது. உங்களுக்குப் பிற்பாதிதான் நல்லது. பெண்ணுக்குப் பத்து வயது முடிவதற்குள் செல்வமகள் கணக்கு ஒன்றும் தொடங்கிவிடுங்கள். வருடத்துக்கு 250 ரூபாய் போட்டாலே உயிரோடு இருக்கும், கையில் இருக்கும்போது கூடப் போடலாம். அது அவளுடைய மேல்படிப்புக்கு, நடுவில் எடுக்க முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு போடுங்கள்.

போனில் வருகிற பணத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் உங்கள் கடையிலும் கியூஆர் அட்டை ஒட்டியிருக்கும் என்று நினைக்கிறேன். இப்போது பாதிச் சில்லறை அங்கேதான் போகிறது. கண்ணில் படாத காசு, அதனால் கரைவதும் தெரியாது. அதற்கு நான் "வால் நறுக்குவது" என்று பெயர் வைத்திருக்கிறேன். ராத்திரி படுக்கும் முன் கணக்கில் இருப்பைப் பாருங்கள். 1,347 என்று இருந்தால் அந்த 47-ஐ இன்னொரு கணக்குக்குத் தள்ளிவிடுங்கள். 1,300-ல் நிறுத்துங்கள். அந்த இன்னொரு கணக்குக்கு ஏ.டி.எம். அட்டை வாங்காதீர்கள், போனிலும் இணைக்காதீர்கள். எடுக்கவேண்டுமென்றால் பாஸ்புக்கோடு நேரில் போய் வரிசையில் நிற்கவேண்டும். நிற்கிற நேரத்தில் பாதி ஆசை போய்விடும்.

தெருவில் யாராவது "தினம் இருபது ரூபாய் கொடு, தீபாவளிக்கு வெள்ளிக்காசும் பாத்திரமும் தருகிறேன்" என்று நோட்டோடு வந்தால், 1982 சீட்டு நிதிச் சட்டப்படி பதிவு செய்த காகிதத்தைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாதவரிடம் ஒரு ரூபாயும் வேண்டாம், அவர் சொந்த அக்காவாகவே இருந்தாலும். அதிக வட்டி, சீட்டு என்று நம் பக்கத்தில் எத்தனை பேர் தாலிக்கொடியை இழந்தார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

கடைசியாக மாமியாரின் டப்பா. நாலணா 2011 ஜூன் 30 முதல் செல்லாது, அதற்குக் கீழே உள்ள இருபது பைசா, பத்து பைசாவும் அப்படியே. வங்கியும் மாற்றித் தராது. பழைய நாணயத்துக்கு லட்சம் தருகிறேன் என்று போனில் விளம்பரம் வரும், முன்பணம் கேட்பார்கள், பேச்சே வைத்துக்கொள்ளாதீர்கள். எட்டணா மட்டும் இன்றும் சட்டப்படி செல்லும், ஒரு தடவைக்கு பத்து ரூபாய் வரை, அதாவது இருபது நாணயம். தனியாக எண்ணி, பத்து ரூபாய் நாணயங்களோடு வங்கிக்கு எடுத்துப் போங்கள். போவதற்கு முன்னால் மாமியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள், அந்த டப்பாவும் யார் பெயரிலாவது முடிந்து வைத்ததாக இருக்கலாம்.